நாங்கள் கழித்துப் போட்ட தோட்டாக் கூடுகள்

லூர்தம்மாள் அக்கா இறந்துவிட்டார். இன்று காலை ஆறரைக்கு. அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

இந்தப் பக்கத்தில் நான் சமையலும் கோயில் போட்டோவும்தான் போடுவேன். இன்றைக்கு அது முடியவில்லை... எண்பது வயதில் ஒற்றை விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனாவோடு யுத்தம் நடந்த காலம். எனக்குப் பதினேழு, அக்காவுக்கு இருபது. புதுக்கோட்டையில் ஒரு துப்பாக்கிப் பட்டறையில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம்.

நார்த்தாமலைப் பக்கத்துப் பாறைக்காட்டில் மிலிட்டரிக்காரர்கள் சுட்டுப் பழகுவார்கள். அவர்கள் போன பிறகு ஜனங்கள் வெடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, சாக்கில் கட்டி பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். புதுத் தோட்டா எங்கேயும் கிடைக்காத நேரம். அந்தக் கூட்டிலேயே மறுபடி வெடிமருந்தும் குண்டும் அடைத்து, லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு முதலாளி விற்பார். கடலைக்காட்டில் பன்றி சுடுகிறவர்கள்தான் அதிகம் வாங்குவார்கள்.

மருந்து அடைப்பதற்கு முன்னால் நல்லது கெட்டது பார்ப்பது எங்கள் வேலை.

புளி போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வாய் கீறியிருந்தால் கழிவு. வயிறு உப்பியிருந்தால் கழிவு. அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால், அதுதான் எமன். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் அந்த இடத்தில் தட்டும். அடுத்த வெடிக்கு அங்கே கிழியும். கிழிந்தால் நெருப்பு பின்பக்கமாக, சுடுகிறவர் முகத்துக்கு வரும்.

அக்காவுக்குக் கம்பி பாதி நேரம் தேவைப்படாது. நகத்தாலேயே தடவிச் சொல்லிவிடுவார். கழித்ததை உடனே சுத்தியலால் நசுக்கிவிடுவார், யாரும் திரும்ப எடுக்கக் கூடாது என்று.

ஒருநாள் சாக்கில் வெடிக்காத தோட்டா ஒன்று கிடந்தது. அக்கா என்னை வெளியே அனுப்பிவிட்டு, தனியாக அதை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டார். திரும்பி வந்து பழையபடி உட்கார்ந்துகொண்டார்.

அந்த வருஷம் கழிவு அதிகமாகப் போனது. நசுக்காதீர்கள், அப்படியே கூடையில் போடுங்கள், பித்தளை வியாபாரி எடுத்துக்கொள்வான் என்று முதலாளி சொன்னார்.

ஒரு மத்தியானம் நாங்கள் வெளியே மர நிழலில் சோறு தின்றுகொண்டிருந்தோம். வாசல் வழியாக உள்ளே தெரிந்தது. முதலாளி கழிவுக் கூடையிலிருந்து அள்ளி அள்ளி நல்ல கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா எச்சில் கையோடு போய்க் கேட்டார்.

“ஒரு வெடிக்குத் தாங்கும். ஒன் வேலையப் பாரு” என்றார் அவர்.

அவர் வெளியே போனதும் அக்கா அந்த நல்ல கூடையை மறுபடி முதலிலிருந்து பார்த்து, கெட்டதை எல்லாம் நசுக்கினார். நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். ஆனால் அதற்கு முன்னால் எத்தனை நாளாக இது நடந்ததோ... எத்தனை பெட்டி வெளியே போனதோ...

பத்து நாள் கழித்து, குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு ஊரில், சின்னையா என்ற குடியானவர் விடியற்காலையில் பன்றியைச் சுட்டார். துப்பாக்கி பின்பக்கம் பிய்த்துக்கொண்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். மனைவி அப்போது ஏழு மாதம்.

பட்டறைக்குப் போலீசார் விசாரணைக்கு வந்தார்கள். அந்த ஆளே சொந்தமாக மருந்தை அளவுக்கு மேல் அடைத்திருப்பான் என்று முதலாளி சொன்னார்.

அக்கா யாரும் கூப்பிடாமலே முன்னால் வந்து நின்றார்.

“அது நாங்க கழிச்சுப்போட்டதுங்கய்யா. இவுகதான் திரும்ப அள்ளி வச்சாக. நானும் இந்தப் புள்ளயும் கண்ணால பாத்தோம்.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

என் அப்பா முதலாளியிடம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். முந்தின நாளே முதலாளி அப்பாவைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார், அவ்வளவுதான்.

“நான் பாக்கலைங்க” என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செத்தவர் மேலேயே தப்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அக்காவை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் நேராகச் சின்னையா வீட்டுக்கு நடந்து போய், அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தாராம். பிறகு யாரும் அவருக்குப் பட்டறை வேலை கொடுக்கவில்லை. கல்லுடைக்கப் போனார்.

சின்னையாவின் பிள்ளையோ பேரனோ யாராவது இதைப் படித்தால்... அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. நான் பார்த்தேன்.

இருபது வருஷம் கழித்து ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை அக்காவைப் பார்த்தேன். கை விரல் எல்லாம் காய்த்துப் போயிருந்தது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான் பட்டறைப் பேச்சை எடுக்கப் போனேன்.

“ஒன் பஸ்சு கெளம்புது, ஏறு” என்றார்.

ஏறிவிட்டேன்.

இன்று காலை அவர் மகளிடம் கேட்டேன், அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று.

“சொல்லுவாகம்மா. அந்தப் புள்ளகூட வேல பாத்தேன், அது கழிக்கிறதுல ஒன்னுகூடத் தப்ப விடாதுன்னு சொல்லுவாக.”

வேறு எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“இல்லைங்கம்மா.”

நாளை பத்து மணிக்கு அடக்கம். முட்டி வலியோடு என்னால் அவ்வளவு தூரம் போக முடியாது என்கிறார்கள் வீட்டில். காருக்குச் சொல்லிவிட்டேன்.

வாரேன், அக்கா.