ரெண்டு சலவைக்குத் தாங்காது

என் ஓரகத்திக்கு, அதாவது என் கொழுந்தனாரின் மனைவிக்கு, என்னைப் பிடிக்காது. எனக்கும் அவளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவளுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் எங்களைப் பார்க்கிறவர்கள் "அக்கா தங்கச்சின்னா இப்படி இருக்கணும்" என்று எழுதி, கூடவே ஒரு சிவப்பு இதயத்தையும் போடுகிறார்கள். அந்த இதயத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செலியமேட்டில் இருக்கும் இந்த வீடு என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து கட்டியது. தெருவைப் பார்த்த முன்னறை எங்களுடையது. அதற்குப் பின்னால் கூடம், அப்புறம் அவர்கள் அறை, சமையலறை. கடைசியில் யூரியா மூட்டையும் மருந்தடிக்கும் டாங்க்கும் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் கணவர் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்த முன்னறை ஒன்றுதான். பிள்ளையார்குப்பத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். காலை ஆறு மணி ஷிப்ட். இரண்டு மணிக்கு முடித்து, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, இருக்கிற சோற்றைத் தின்றுவிட்டு, முன்னறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் படுப்பேன். ஒரு நாளில் எனக்குச் சொந்தமான நேரம் அவ்வளவுதான்.

அந்த அறையைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். எப்படி எடுத்தாள் என்பதைச் சொல்கிறேன்.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்து ஹாலில் மகளிர் குழுக்காரிகளுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். செல்போனை வைத்துக்கொண்டு எப்படிச் சாமான் விற்பது என்று பாடம். இவளும் போனாள். மத்தியானம் போட்ட பிரியாணியைத் தின்றுவிட்டுப் பேசாமல் வந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் ரீச், பிராண்ட், ஆடியன்ஸ் என்றே பேச்சு. "ரசத்துல உப்பு இல்ல, அத மொதல்ல பாருடி" என்றேன். அதற்கும் சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்குப் பயம், ஏதோ கேட்கப்போகிறாள் என்று அர்த்தம்.

கேட்டாள். புடவை எடுத்து வந்து லைவில் விற்கப்போகிறாளாம். பொம்பளைகளெல்லாம் வேலை முடித்து ஓய்ந்து உட்காரும் மூன்று மணிதான் சரியான நேரமாம். அதற்கு வெளிச்சமான இடம் வேண்டுமாம்.

"உன் ரூம்லதான்க்கா வெளிச்சம் நல்லா வருது. ஆடி முடியற வரைக்கும் குடு. அப்பால காலி பண்ணிடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கொழுந்தனார் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டார். கரும்பு வெட்டுக்கு ஆள் பிடிக்கும்போது நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்துவார், பெண்டாட்டி முன்னால் மட்டும் குரல் வராது. "ஒரு மாசந்தான அண்ணி" என்றார். என் கட்டில் ஷெட்டுக்குப் போனது.

ஆடி முடிந்தது. ஆவணியும் பாதி போனது. மத்தியானம் மூன்று மணிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுத்துப் பார்த்தால்தான் தெரியும். உடம்பெல்லாம் உப்பு பூத்துவிடும். அதோடு கூடத்தையும் சமையலறையையும் தாண்டி இவள் குரல் வேறு. "ஹாய், ஹலோ, வணக்கம் சிஸ்டர்ஸ்." வீட்டில் இருக்கிற ஒருத்திக்கு வணக்கம் சொன்னதில்லை, முகம் தெரியாத சிஸ்டர்களுக்குத் தினமும் வணக்கம்.

ஒருநாள் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் எழுந்து முன்னறைக்குள் போனேன். வட்டமாக ஒரு லைட், அதன் நடுவில் செல்போன். அவள் ஒரு ஊதாப் புடவையை விரித்துப் பிடித்து, பியூர் சாஃப்ட் சில்க் சிஸ்டர்ஸ் என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். நான் முந்தியைப் பிடித்து இழுத்தேன். பதினெட்டு வருஷமாகத் துணியைத் தவிர வேறெதையும் தொடாத கை. எது என்ன துணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

"இன்னாடி சில்க்கு? சுத்தமான பாலிஸ்டரு. ரெண்டு சலவைக்குத் தாங்காது. ஜரிகையப் பாரு, நகம் பட்டா உரிஞ்சிக்கினு வருது. இதப் போயி ஊருக்கு விக்கறியே, உனக்குக் கூசல? எம் ரூம எப்பதாண்டி காலி பண்ணுவ? எனக்குப் படுக்க எடம் வேணும்."

அவள் முந்தியை என் கையிலிருந்து பிடுங்கினாள். போனில் ஏதோ பதிவு செய்கிறாள், வேண்டாததை வெட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அந்த நிமிஷமே ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் சலவைப் பிரிவில் என் கூட்டாளி போனை நீட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றாகத்தான் விரிப்பு மடிக்கிறோம். அவள் இரண்டு முனை, நான் இரண்டு முனை. என்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. "தோ பாரு, நீ சினிமாவுக்குப் போயிட்ட" என்றாள். வீடியோவில் நான் கத்துகிறேன். யார் யாரோ பகிர்ந்திருந்தார்கள். கீழே எழுதியிருந்ததை அவளே படித்துக் காட்டினாள். அந்த அக்கா சொல்றதுதான் நிஜம். அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்க. அந்த அக்கா ஓகே சொன்னா நான் ரெண்டு எடுத்துக்கறேன்.

படுக்க இடம் வேண்டும் என்று நான் கேட்ட இடத்தில் மட்டும் யாரோ ஒரு சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்து, மூன்று தடவை திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போனால் பெரிய சண்டை நடக்கும் என்று நினைத்துத் தயாராகத்தான் போனேன். அவள் காபி போட்டு வைத்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளாக எனக்கென்று அவள் போட்ட முதல் காபி.

"அக்கா, நாளைக்கும் லைவுக்கு வர்றியா?"

"இன்னாத்துக்கு? திட்டறதுக்கா?"

"ஆமாக்கா. நீ தாங்காதுன்னு சொன்ன ஊதாவ ஒருத்தரும் எடுக்கல. ஆனா நீ ஒண்ணும் சொல்லாம வுட்ட பச்ச எல்லாம் பூடுச்சு. அந்த அக்கா ஒண்ணும் சொல்லல, அப்ப நல்லதுதான்னு எடுத்துட்டாங்க." நோட்டைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். நம்பிக்கை என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். "இத வெலைக்கு வாங்க முடியாதுன்னு கிளாஸ்ல சொன்னாங்க. இது உன்னாண்ட கீதுக்கா."

என்னிடம் ஏதோ இருக்கிறது என்று இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் ரூமைக் காலி பண்ணு, வருகிறேன் என்றேன். தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் போட்ட காபியைக் குடித்துத் தொலைத்திருந்தேன். சரி என்றேன்.

அப்படித்தான் நான் அவளுடைய வியாபாரத்தில் ஒரு சாமானாக ஆனேன். யூனிஃபார்மை மாற்றாமலே வரச் சொன்னாள், அதுதான் பார்க்க நிஜமாக இருக்குமாம். புடவையின் ஓரத்தை மடித்து, கட்டை விரலால் தேய்த்து, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, இருப்பதைச் சொன்னேன். நல்லதை நல்லது என்றேன், குப்பையைக் குப்பை என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் கழித்ததை அவளும் வியாபாரியிடம் திருப்பி அனுப்பினாள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கூரியர்க்காரன் தினமும் வாசலில் வந்து நின்றான். என் அறையில் அட்டைப்பெட்டி ஜன்னல் மட்டத்துக்கு ஏறியது. ஒரு மூலையில் மாட்டியிருந்த என் கணவர் போட்டோவை, பின்னணிக்கு நன்றாக இல்லை என்று கழற்றிப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்தது. ஷெட் நாலு இடத்தில் ஒழுகியது. ஒரு மத்தியானம் கட்டிலில் தண்ணீர் கொட்டி, தலையணை பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு நனைந்துவிட்டது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு லைவுக்குள் போனேன். அன்றைக்கு நான் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் மனுஷிதான, என்னை எங்க படுக்கச் சொல்றீங்க?" என்று கேட்டேன். அழுதுவிட்டேன். நான் அழுது என் தாய்வீட்டு மனிதர்கள்கூடப் பார்த்ததில்லை.

போனில் சிரிக்கும் பொம்மைகள் மேலே மேலே பறந்தன. அக்கா இன்னிக்கு ஃபார்ம்ல இருக்காங்க என்று ஒருத்தி எழுதினாள். அந்தத் தலையணை உறை என்ன விலை என்று இன்னொருத்தி கேட்டாள். அதன் பிறகு ஷேர் ஆட்டோவில் ஏறினால் முன்பின் தெரியாதவள்கூட "இன்னாக்கா, ரூம் காலி ஆயிடுச்சா?" என்று சிரித்தாள். என் கோபத்துக்கு இனிமேல் இந்த ஊரில் மரியாதை இல்லை என்று அப்போது புரிந்தது. நான் எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவு புடவை போகும், ஆனால் அறை மட்டும் கிடைக்காது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்ற பேச்சில் ஒரு பெரிய லாட் இறக்கினாள். எல்லாம் அரக்குச் சிவப்பு, அகலக் கரை. பார்க்க அப்படியே பட்டு மாதிரிதான் இருந்தது. நான் விரலை எச்சில் தொட்டு வைத்துத் தேய்த்தேன். சாயம் இறங்கி விரல் சிவந்தது.

அவளுக்கும் தெரிந்துவிட்டது. பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லா வேணும் என்று மனதுக்குள் சொன்னேன், வாய்விட்டும் சொல்லியிருப்பேன்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்த சொல்லுக்கா. இந்த ஒரு வாட்டிதான். வேற இன்னா வேணாலும் கேளு."

அவள்தான் கெஞ்சினாள். ஆனால் பேரம் பேசியது நான். அதை அவள் தலையில் போட மாட்டேன்.

"இன்னிக்கே ரூம காலி பண்ணு. சாவி எங்கிட்ட. லைவ கூடத்துல போட்டுக்க."

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று மாதமாக முடியாதது முடிந்துவிட்டது. கொழுந்தனார் பெட்டிகளைக் கூடத்துக்கு மாற்றினார், லைட்டை மாற்றினார், என் கட்டிலைத் தூக்கி வந்து பழைய இடத்தில் போட்டார். போட்டோவை நானே துடைத்து மாட்டினேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மூன்று மணிக்குக் கூடத்தில் போய் நின்றேன். "அக்கா வந்துட்டாங்க" என்று போனில் வரிசையாக எழுத்து ஓடியது. சிவப்புப் புடவையைக் கையில் வாங்கினேன். வழக்கம்போல ஓரத்தை மடித்தேன், உலர்ந்த விரலால் தேய்த்தேன், உள்பக்கத்தைத் திருப்பினேன். யாரையும் திட்டவில்லை. "இது தாங்கும். நான் சொல்றேன், நம்பி எடுங்க" என்றேன். பத்து வார்த்தைகூட இல்லை. எனக்கு எனக்கு என்று நம்பர்கள் வந்து விழுந்தன. லாட் முழுவதும் அன்றைக்கே போனது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தீபாவளி முடிந்து மூன்றாம் வாரம். சலவைப் பிரிவில் முதல் நடை விரிப்புகள் காய்ந்து வந்திருந்தன. என் கூட்டாளி மடிக்க வராமல், தன் அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தாள். மகளின் தலைதீபாவளிக்கு என்று அவளும் அந்தச் சிவப்பில் ஒன்று எடுத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவே இல்லை. சொன்னால் நான் என் ஓரகத்தியிடம் இலவசமாகக் கொடுக்கச் சொல்வேன் என்று கூச்சம். பிரித்துக் காட்டினாள். சிவப்பு திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது, கரை முறுக்கிக்கொண்டு சுருங்கியிருந்தது. மருமகனின் வேட்டியிலும் சாயம் ஏறிவிட்டதாம். மகளை மாமியார் ஏதோ சொல்லிவிட்டாளாம்.

அவளும் என்னைப் போலவே துணி தொட்ட கைக்காரிதான். எப்படி ஏமாந்தாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே அவள் சொன்னாள்.

"பார்சல பிரிச்சித் தொட்டப்பவே தெரிஞ்சிச்சு. நீ தாங்கும்னு சொன்னியேன்னு எங்கைய நான் நம்பல."

சத்தம் போடவில்லை. நான் பதினெட்டு வருஷமாகப் போட்ட சத்தத்தில் ஒரு பங்கை அவள் அன்றைக்குப் போட்டிருக்கலாம், நான் நின்று வாங்கியிருப்பேன். பையை என் கையில் கொடுத்துவிட்டு, விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நான் வரக் காத்திருந்தாள். மடித்தோம்.

அந்தப் புடவையை எங்கே போடுவது என்று தெரியவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்தேன். பெட்டிகளெல்லாம் போய்க் காலியாகக் கிடக்கும் என் அறையில், கட்டிலுக்குக் கீழே இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது.