சாக்கு அடைத்த சன்னல்

பூசணம் பிடித்த இலையின் வாடைக்கு ஒரு ருசியும் உண்டு. நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, எதைத் தின்றாலும் கூடவே இறங்கும் கசப்பு அது. பள்ளிக்கூடம் போய்வந்த வயதில் தூத்துக்குடியில் நான் தின்ற சோறெல்லாம் அந்தக் கசப்போடுதான் இறங்கியது.

என் அம்மா ஒரு "கிட்டங்கி"யில் வேலை பார்த்தாள். விளாத்திகுளம் பக்கத்துக் காடுகளிலிருந்து வரும் நிலாவாரை இலையை, பேதி மருந்துக்காகக் கப்பலேறும் இலையை, சலித்து மூட்டை கட்டிப் போட்டுவைக்கும் பெரிய கூடம் அது. காய்ந்த இலை நொறுங்காமலிருக்க, கட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிப்பார்கள். "ஏளா, இன்னும் ரெண்டு செம்பு தெளிங்க, தூசியும் அடங்கும்லா" என்பார் கிட்டங்கி அண்ணாச்சி. ஐப்பசி மழையில் அந்த ஈரம் காயாது. மறுநாள் குவியலைக் கிளறினால் சாம்பல் பச்சையாக ஒரு புகை எழும்பும். இலைத்தூசி என்றே எல்லோரும் நினைத்தார்கள், பூசணம் அது. அதை அடக்க மறுபடியும் தண்ணீர் தெளித்தார்கள்.

அம்மா வீட்டுக்குள் நுழையுமுன் அந்த வாடை நுழைந்துவிடும். புருவத்தில்கூடப் பொடி ஒட்டியிருக்க, அதே சேலையோடு எங்களுக்குச் சோறு பிசைந்து போடுவாள். பொழுது சாய்ந்தால் குளிரும் காய்ச்சலும், விடாத இருமலும். அவள் துப்பிய கோழை வாசலோரத்தில் ஈ மொய்த்துக் கிடக்கும், அதைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போவேன்.

கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் நாசரேத்து ஊர்ச் சித்தி ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருமல் நின்றது. ஊர் திரும்பியதும் பிடித்துக்கொண்டது. சித்திக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. "அங்கன வந்தா நல்லா இருக்கா, இங்கன வந்தா இருமுதா. எல்லாம் இந்தக் கடக்காத்துதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கடலைப் பார்த்திருந்த எங்கள் ஒரே சன்னலை அவளே அடைத்தாள். அடைப்பதற்கு அகப்பட்டவை, கிட்டங்கியிலிருந்து அம்மா கொண்டுவந்து போட்டிருந்த பழைய இலைச் சாக்குகள். சன்னலுக்கு நேர் கீழேதான் அம்மாவின் பாய். சாரலில் சாக்குகள் ஊறி, ஓரமெல்லாம் மயிர் முளைத்ததுபோல் பூசணம் படர்ந்தது. காற்று மோதும்போதெல்லாம் தூங்குகிறவளின் முகத்தில் பொடி உதிர்ந்தது. இருமல் கூடக்கூட, காற்று எங்கேயோ புகுகிறது என்று இன்னொரு சாக்கைச் செருகினோம். சீ, என்ன வைத்தியம்!

மூச்சுக்கு வாய் பிளந்தவளைக் கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, என்ன வேலை, எங்கே படுக்கை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். சாக்கு என்றதும் அவர் முகம் சுளித்தார். "அத மொதல்ல பிடுங்கிப் போடுங்க. இத்தன நாளும் பூசணத்தத்தான் மூச்சா இழுத்திருக்காங்க. நுரையீரல் பாதி இறுகிப்போச்சு, அது இனிமே சரியாகாது" என்றார்.

கிட்டங்கி இருந்த இடத்தில் இன்று ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. அந்த வாடையும் போய்விட்டது, சித்தியும் போய்விட்டாள். அதே ஊரில், மில்லர்புரத்தில் என் வீட்டுச் சன்னலோரம், ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரம்மா சொன்னதை அவள் நம்பவே இல்லை. சாயங்காலம் கடல் பக்கமிருந்து நல்ல காற்று வரும்போது, அவசரமாகச் சேலைத்தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறாள்:

"ஏளா, சன்னல அடச்சிரு. என்னையக் கெடுத்த காத்து வருது."