அரைமணி டாக்டர்

செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, நுண்ணோக்கியின் மேல் குனிந்து, “யாரு பெத்த பிள்ளை நீ?” என்று கண்ணாடித் தகட்டிடம் கேட்கிறார் டாக்டர்.

சிறுநீரகக் கட்டிகளின் பூர்வோத்தரம் விசாரிப்பது அவர் வேலை. மெழுகில் பதித்த சதையை ஈ இறக்கை போலச் சீவி, சாயமேற்றித் தருவது என் வேலை. முடிவு எப்போது என்று யார் கேட்டாலும், “அரை மணி நேரம் குடுங்க” என்பார். அது இரண்டு நாள் நீளும். அதனால் அவர் எங்களுக்கு அரைமணி டாக்டர். பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது, கோபமில்லை.

பார்க்க உட்கார்ந்துவிட்டால் ஆள் இங்கே இருக்கமாட்டார். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக விரியும் ஒரு வெளியில் தனியே உலாவிக்கொண்டிருப்பார். பக்கத்தில் டீ ஆறி ஆடை கட்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டு டீச்சரின் தகடுகள் வேறு மருத்துவமனையிலிருந்து வந்தன. வயது முப்பத்தெட்டு. வழக்கமான சிறுநீரகப் புற்று என்று வைத்தியம் நடந்தது, கட்டி மசியவில்லை. நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவிவிட்டது.

மறுநாள் மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “இங்க வந்து பாரேன். நிலா கோட்டை கட்டுன மாதிரி இல்ல?”

செல்லின் கருவுக்குள் செக்கச்செவேலென்று ஒரு பெரிய புள்ளி. சுற்றிலும் வெளிறிய வளையம்.

“இது அவங்க சொன்ன கட்டி இல்ல. அபூர்வமானது. குடும்பத்துல வர்றது.”

எந்தச் செல்லிலும் இருந்தே தீரவேண்டிய ஒரு நொதியைப் பழுப்பாகக் காட்டும் சாயத்தைப் போடச் சொன்னார். போட்டேன். கட்டிச் செல்கள் வெளுத்தே கிடந்தன; அந்த நொதி அவற்றில் இல்லை.

டீச்சருக்கு அவரே போன் செய்தார். “கையில, முதுகுல சின்னச் சின்னதா கட்டி இருக்காம்மா? குளிர் பட்டா சுரீர்னு வலிக்குமா?”

“ஆமா டாக்டர். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே கர்ப்பப்பையில கட்டி?”

“அக்காவுக்கு. இருபத்தெட்டு வயசுலயே கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். “அக்காவையும் கூட்டிட்டு வாங்க. நாளைக்கே வாங்க.”

இருவர் ரத்தத்திலும் ஒரே மரபணுக் கோளாறு. அக்காவின் சிறுநீரகத்தில் பட்டாணியளவு ஒன்று, யாருக்கும் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்தது. உடனே எடுத்துவிட்டார்கள். டீச்சருக்கு மருந்து மாறியது. நான்கு மாதத்தில் முடிச்சுகள் பாதியாகச் சுருங்கின. முழுதாகப் போகுமென்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

சென்ற வாரம் டீச்சர் ஆய்வகத்துக்கே வந்தார். கொஞ்சம் தயங்கி, “என்னோடத நான் பார்க்கலாமா?” என்றார்.

டாக்டர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். டீச்சர் குனிந்தார்.

“அழகா இருக்கே, பாவி” என்றார் கடைசியில். குரல் உடைந்தது.

டாக்டர் டீச்சரின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். அவராக நிமிரும்வரை அதை எடுக்கவில்லை.