டிரிப் செட் திருடாத எஸ்தர்

திங்கட்கிழமை காலை, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது போன் அடித்து ஓய்ந்தது. எங்கள் நர்சிங் ஹோம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. "நமது மருந்தக எஸ்தர் அவர்கள் இன்று அதிகாலை நெஞ்சுவலியால் காலமானார். ஆழ்ந்த இரங்கல்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அனுப்பியவர் ஸ்டோர் பொறுப்பாளர் குணசேகரன். நம்ப முடியாமல் படாளத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் பேசினேன். அண்ணன் சாமுவேல்தான் எடுத்தார். "ஆமாம்மா மாலதி, பூட்டா. நேத்து நல்லாத்தான் பேசிகினு இருந்தா" என்றார்.  நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் நர்சிங் ஹோம் வாசலில் பெரிய பேனர் வைத்திருந்தார்கள். எஸ்தரின் படம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, நடுவில் கொட்டை எழுத்தில் 'விலங்குகளின் தோழி'. எனக்கு ரத்தம் கொதித்தது. உயிரோடு இருந்தவரை அவளுக்கு நீங்கள் வைத்திருந்த பெயர் என்ன? 'ஓணான் எஸ்தர்'. அவள் மருந்தகக் கவுன்ட்டரைத் தாண்டிப் போனால் பின்னாலிருந்து நாக்கை நீட்டிக் காட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் பேனரின் கீழே பெயர் போட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம் என்றும், கூட்டத்தில் கொடுக்கும் நினைவு மலருக்கு நான் ஏதாவது எழுத வேண்டும் என்றும் கேட்டார்கள். எழுதுகிறேன். அவள் என்றுதான் எழுதுவேன். அவர், இவர் என்று எழுதினால் எஸ்தர் பெட்டிக்குள்ளிருந்தே என்னைத் திட்டுவாள். செங்கல்பட்டில் ஒரே நர்சிங் ஹோமில் அவள் மருந்தகத்தில், நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். மதியச் சாப்பாட்டை இத்தனை வருடமும் ஒரே பெஞ்சில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

அந்தப் பெயருக்குக் காரணமான பச்சோந்தி வந்த கதையை உங்களில் பாதிப் பேர் தப்பாகவே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவள் அதை ஆசைக்கு வாங்கி வளர்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து வந்த உறவினர்களை மாமல்லபுரம் கூட்டிப் போயிருந்தாள். நானும் போயிருந்தேன். கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு ஆள் பச்சோந்தியை வைத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தான். கீழே சிவப்புத் துணி, நீலத் துணி, மஞ்சள் துணி. ஒவ்வொன்றிலும் தூக்கித் தூக்கி வைத்தான். சுற்றி நின்றவர்கள் துப்பட்டாவையும் தொப்பியையும் கழற்றிக் கொடுத்து, "இதுல வைங்க, இந்தக் கலருக்கு மாறுதா பாப்போம்" என்றார்கள். துணி நிறத்துக்கெல்லாம் அது மாறாது. அது மாறுவது வெயிலாலும் பயத்தாலும் உடம்புக்கு முடியாததாலும். இது எங்களுக்கும் பிறகுதான் தெரியும். அன்றைக்கு அது எந்தத் துணியில் வைத்தாலும் கறுத்துக்கொண்டே போனது. கூட்டம் கைதட்டியது. ஒரு உயிர் பயத்தில் கறுத்துப் போவதற்கு மனிதர்கள் கைதட்டியதை நான் கண்ணால் பார்த்தேன்.

எஸ்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். "யோவ், அதுக்குக் கண்ணே தொறக்கல, பாத்தியா? கண்ணு வீங்கிக் கீது. இத வச்சிகினு பொழப்பா உனுக்கு?"

"உனுக்கு இன்னாம்மா வந்துச்சி? போயிகினே இரு" என்றான் அவன்.

"நான் போறேன். போயி ஃபாரஸ்ட்காரங்கள இட்டாறேன். இத புடிக்கிறதே குத்தம், தெரியுமா?"

அவள் குரல் உங்களுக்குத் தெரியும். மருந்தகத்திலிருந்து கூப்பிட்டால் மாடியில் நோயாளி எழுந்து உட்காருவார். அந்த ஆள் துணிகளைச் சுருட்டிக்கொண்டு, "எடுத்துகினு போ, சாவற கேசுதான்" என்று பச்சோந்தியை மணலில் விட்டுவிட்டு நடந்தான். அது நகரக்கூட இல்லை. எஸ்தர் தன் சாப்பாட்டுப் பையைக் காலி செய்து அதில் அதை எடுத்து வைத்தாள். உறவினர்கள் வேனில் ஏற மறுத்தார்கள். "ஏறாட்டி பஸ்ல வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் அவள் செய்ததெல்லாம் தப்பு. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள், சர்க்கரைத் தண்ணீர் வைத்தாள், செத்த ஈயைப் போட்டாள். அது எதையும் தொடவில்லை. தோல் சுருங்கி, விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. செங்கல்பட்டில் மாட்டு டாக்டர் ஒருவரிடம் போனோம். நல்ல மனுஷர், மழுப்பவில்லை. "மாடுன்னா கண்ண மூடிகினு வைத்தியம் பாப்பேன் மேடம். இதுக்கு நாலு பேர கேட்டாத்தான் தெரியும்" என்று சொல்லி, எங்கள் எதிரிலேயே தன்னோடு படித்த ஒருவருக்குப் போன் போட்டார். பிறகு சொன்னார். பச்சோந்திக்குக் கிண்ணத்தில் இருக்கிற தண்ணீர் தண்ணீராகவே தெரியாதாம். இலைமேல் சொட்டுச் சொட்டாக விழுந்து வழிந்தால்தான் நக்கிக் குடிக்குமாம். அது தாகத்தில் செத்துக்கொண்டிருக்கிறது என்றார். கண்ணைக் கழுவ ஒரு மருந்தும் எழுதினார். ஃபாரஸ்ட்காரர்களுக்கும் அவரே சொல்லிவிட்டார். ஒரு ஃபாரஸ்ட் கார்டு வந்து பார்த்துவிட்டு, தேறும்வரை டாக்டர் கண்காணிப்பில் இங்கேயே இருக்கட்டும், தேறியதும் சொல்லுங்கள், காட்டில் விட்டுவிடலாம் என்றார்.

நாள் முழுக்கச் செடிக்குப் பக்கத்தில் நின்று யார் சொட்டுத் தண்ணீர் விடுவது? டாக்டர் வீட்டுப் படியை இறங்கும்போதே எஸ்தருக்கு யோசனை வந்துவிட்டது. "ஏன் மாலதி, குளுக்கோஸ் ஏத்துற டிரிப் செட்ட மாட்டி வுட்டா?" நேரே பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலுக்குப் போனோம். அவள் கைக்காசில் டிரிப் செட் வாங்கினாள். கடைக்காரர் நோயாளி யார் என்று கேட்டார். "எங்க வூட்டு ஆளு, வாயால தண்ணி எறங்கல" என்றாள். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். மறுபடி சொல்கிறேன், வாங்கும்போது நான் பக்கத்தில் நின்றேன்.

வீட்டுப் பின்பக்கம் ஒரு மாதுளைச் செடி இருந்தது. சுற்றிக் கொசுவலை கட்டி, மேலே பாட்டிலைத் தொங்கவிட்டு, குழாயின் சின்னச் சக்கரத்தை உருட்டி உருட்டி வேகத்தைச் சரிசெய்தாள். இலையில் சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் அது சும்மா இருந்தது. பிறகு வாயைத் திறந்தது. கண் திறக்காமலேயே, இலையில் வழிந்த தண்ணீரைத் தேடித் தேடிக் குடித்தது. எஸ்தர் என் கையைப் பிடித்திருந்தாள். "குடிக்குது பாரு, குடிக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

அதற்குச் 'சூப்பர்வைசர்' என்று பெயர் வைத்தாள். இரண்டு கண்ணும் திறந்ததும் அது ஒரு கண்ணால் முன்னாலும் இன்னொரு கண்ணால் பின்னாலும் பார்க்க ஆரம்பித்ததால் வந்த பெயர். "ஒரு வேலையும் செய்யாது, எல்லாரையும் பாத்துகினே இருக்கும்" என்பாள். தீனிக்குப் பொறுப்பு சாமுவேல் அண்ணன்தான். வயலில் மருந்து அடித்து அடித்து வெட்டுக்கிளியே இல்லை என்று, ஏரிக்கரைப் புல்லில் போய்ப் பிடித்து வருவார். "அம்பது வயசுல என்ன வெட்டுக்கிளி புடிக்க வச்சிட்டா" என்று திட்டிக்கொண்டே பிடிப்பார். தெருவில் சும்மா இருந்தார்களா? பக்கத்து வீட்டில் மருமகள் மாசமாக இருந்தாள். பச்சோந்தி அவளைப் பார்த்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அந்த மாமியார் சண்டைக்கு வந்தார். எஸ்தர் விடவில்லை. "உம் மருமவளுக்கு ரத்தம் கம்மின்னு நேத்து மாலதி டெஸ்ட் பண்ணிச் சொன்னாளே, மாத்திர வாங்கிக் குடுத்தியா? அத மொதல்ல பாரு. எம் பச்சோந்தி உம் பேரப்புள்ளய ஒன்னும் பண்ணாது." மறுநாள் இரும்புச்சத்து மாத்திரையை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பச்சோந்திக்கு டிரிப் போடுகிற கதையை எஸ்தரே மதியச் சாப்பாட்டின்போது எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். அடுத்த வாரம் ஸ்டோரில் டிரிப் செட் பெட்டி ஒன்று குறைந்தது. அவ்வளவுதான். குணசேகரன் மேனேஜரிடம் போய், "ஓணானுக்கு டிரிப் ஏத்துறாங்களே, எங்கருந்து வந்துச்சின்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு பச்சோந்திக்கு ஒரு பெட்டி டிரிப் செட் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. அவளை மருந்தகத்திலிருந்து எடுத்து பில் கவுன்ட்டரில் போட்டார்கள். தினமும் சாயங்காலம் வாசலில் வாட்ச்மேன் அவள் பையைத் திறந்து பார்த்தார். அவள் கையால் மருந்து வாங்கிப் பழகிய நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மேனேஜர் அறைக்குப் போய், கடையில் வாங்கும்போது கூட இருந்தது நான், கடைக்காரரைக் கேளுங்கள் என்றேன். "ஃப்ரெண்டுன்னா அப்படித்தான் சொல்லுவீங்க" என்றார். கடைக்காரரைக் கேட்க ஒருவரும் போகவில்லை.

பையைத் திறந்து காட்டும்போதெல்லாம் எஸ்தர் அதில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, உரக்கப் பெயர் சொல்லி மேஜைமேல் வைப்பாள். "இது டிபன் பாக்ஸ். இது பைபிள். இது சீப்பு. பாத்துக்கோ." வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொள்வார். என்னால் அங்கே நிற்க முடியாது. அவள் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பேசுவாள். "வேற எது சொன்னாலும் தாங்குவேன் மாலதி. எங்கப்பா அடுத்தவன் நெலத்துல கூலிக்கு நெல்லு அறுத்தவரு. வேல முடிஞ்சதும் வேட்டி மடிய ஒதறிக் காட்டிட்டு வூட்டுக்குப் போவச் சொல்லுவாங்களாம். நெல்லு முடிஞ்சிகினு போறாரான்னு பாக்க. அதுக்காவத்தான் என்ன பி.ஃபார்ம் படிக்க வச்சாரு. நான் படிச்சிட்டு வந்து பைய ஒதறிக் காட்டிகினு நிக்கிறேன்."



சூப்பர்வைசர் தேறியது. ஒருநாள் காலை, எஸ்தர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, எட்டி இருந்த வெட்டுக்கிளியை அதுவே நாக்கை வீசிப் பிடித்துவிட்டது. வாயில் நுரையோடு எனக்குப் போன் செய்தாள். அடுத்த வாரம் ஃபாரஸ்ட் கார்டும் டாக்டரும் வந்தார்கள். கருங்குழிக்கு அந்தப் பக்கம் புதர்க்காடு ஒன்றில் அதை விட்டோம். ஒரு காலை எடுத்து வைக்க முன்னும் பின்னும் ஆடி ஆடி யோசித்துவிட்டு, காரைச் செடிக்குள் ஏறி, பச்சையாகி மறைந்தது. "போ நைனா, இனிமே எவன் கண்ணுலயும் படாத" என்றாள் எஸ்தர்.

காணாமல் போன டிரிப் செட் பெட்டி என்ன ஆயிற்று என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. ஆபரேஷன் தியேட்டர் அலமாரியில், பழைய விரிப்புகளுக்குப் பின்னால், பிரிக்காமல் இருந்ததை அலமாரியைச் சுத்தம் செய்த ஆயா கண்டெடுத்து எங்களிடமும் சொன்னார். ஸ்டோரிலிருந்து அங்கே அனுப்பியது குணசேகரன்தான். அனுப்பியதை மறந்துவிட்டார். மறப்பது மனித இயல்பு, அதில் எனக்குக் கோபமில்லை. கிடைத்த பிறகு வாயை மூடிக்கொண்டதில்தான் கோபம். பை சோதனை சத்தமில்லாமல் நின்றது. எஸ்தரை மறுபடி மருந்தகத்துக்கு மாற்றினார்கள், ஏதோ பெரிய மனசு பண்ணி மன்னித்ததுபோல. அவள் நேராக ஸ்டோருக்குப் போய்க் கேட்டாள். "பொட்டி கெடச்சிடுச்சின்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்த சொல்லு சார். எனுக்கு மன்னிப்பெல்லாம் வேணாம்."

குணசேகரன் சிரித்தார். "வுடு எஸ்தரு. முடிஞ்சிபோன கத. இதப்போயி பெர்சு பண்ணிகினு."

அவள் விடவில்லை. ஒவ்வொரு ஸ்டாஃப் மீட்டிங்கிலும் கடைசியில் எழுந்து கேட்டாள். முதலில் எல்லாரும் நெளிந்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு, "ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தள்ளி எழுந்து போனார்கள். கடந்த மாத மீட்டிங்கிலும் கேட்டாள். 

செவ்வாய்க்கிழமை படாளத்தில் அடக்கம். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் எனக்கு முன்னால் இரண்டு புது நர்சுகள் நடந்து போனார்கள். எஸ்தரோடு அதிகம் பழகாத பிள்ளைகள். ஒருத்தி மற்றவளிடம் மெதுவாகக் கேட்டாள்: "இவங்கதானே அந்த டிரிப் செட் எடுத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க?" சவப்பெட்டி எங்களுக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. சாமுவேல் அண்ணன் ஒரு பக்கம் தூக்கியிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. விழுந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்குச் சொன்னது நாம். நாம் சொன்னதை நாம்தான் திரும்ப எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் மெழுகுவர்த்தி ஏற்றி, 'விலங்குகளின் தோழி' என்று எழுதி வைத்தால் யாரை ஏமாற்றுகிறோம்?

எஸ்தரின் நினைவாக ஏதாவது எடுத்துக்கொண்டு போம்மா என்று சாமுவேல் அண்ணன் என்னிடம் சொன்னார். பொருள் எதுவும் நான் எடுக்கவில்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில் அவள் எழுந்து கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இனிமேல் அது என்னுடையது.

குணசேகரன் சார், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முதலில் பேசப்போவது நீங்கள் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. பெட்டி கிடைத்துவிட்டது, எஸ்தர் திருடவில்லை என்று முதலில் சொல்லுங்கள். அந்த இரண்டு நர்சுகளையும் முன்வரிசையில் உட்காரவைக்கிறேன், பக்கத்தில் சாமுவேல் அண்ணனும் இருப்பார். அதைச் சொல்லிவிட்டு அவள் படத்துக்கு மாலை போடுங்கள். சொல்லாமல் மாலையை எடுத்தால், நான் எழுந்து நிற்பேன்.