விவரம் அறிந்தவர்

தொல்லியல் துறையில் அவளுக்கு வைத்த பேர் எலும்பக்கா. பேர் வைத்த பெரியமனிதர்கள் ஒருவரும் அவள் வேலை பார்த்த பின்கொட்டகைப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை. செத்த ஆடு, நாய், கழுதை எது வந்தாலும் தோலுரித்து, பீப்பாயில் ஊறப்போட்டு, சதை கழன்றதும் பழைய பல்தேய்க்கும் பிரஷால் சுத்தம் செய்து, ஒவ்வொரு எலும்பிலும் கறுப்பு மையால் எண் போட்டவள் அவள். அகழாய்வுக் குழியில் தோண்டியெடுத்த எலும்புத்துண்டு வெள்ளாடா செம்மறியா என்று தெரிய, இன்னதென்று தெரிந்த எலும்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அதற்குத்தான் இருபத்தாறு வருஷப் பாடு. பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். பெற்ற மகளே, நாறுகிறது, பள்ளிக்கூட வாசலுக்கு வராதே என்று சொல்லிவிட்டாள். அதையும் விழுங்கிக்கொண்டாள்.

ஓய்வுபெற்ற மறு வருஷம் ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வீடு தேடி வந்தாள். எந்தெந்த இடத்தில் என்னென்ன விலங்கின் எலும்புகள் இருக்கின்றன என்று பட்டியல் புத்தகம் போடுகிறாளாம்.

"உங்க துறைத்தலைவர் அப்படி எதுவும் இல்லைங்கறாரும்மா."

"இல்லையாமா? வாங்க, காட்டறேன்."

எலும்புகள் இருந்தன. கம்ப்யூட்டர் வைக்க அலமாரி வேண்டுமென்று எல்லாவற்றையும் பதினோரு சாக்கில் கொட்டி, மாடிப்படிக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். எந்த எண் எந்த விலங்கு என்று எழுதிய பதிவேடு பழைய பேப்பரோடு போய்விட்டிருந்தது. எலும்பக்கா தரையில் உட்கார்ந்தாள். ஒரு சாக்கை அவிழ்த்து ஓர் எலும்பை எடுத்தாள்.

"நாப்பத்தேழு. கிழட்டுக் கழுதை, பொட்டை. பின்னங்கால் உடைஞ்சு கூடியிருக்கும், தேடிப் பாருங்க."

தேடினார்கள். கூடியிருந்தது. மூன்று நாள் அவள் சொல்லச் சொல்ல, இருநூற்றுப் பன்னிரண்டு விலங்குகளையும் அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். எலும்பக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. புத்தகத்தில் பேர் வரும், மகளிடம் காட்டலாம் என்பதே நினைப்பு.

அச்சுக்குப் போகுமுன் பட்டியலில் கையெழுத்துப் போடவேண்டியவர் துறைத்தலைவர். சாவகாசமாகப் படித்தார்.

"கடைநிலை ஊழியர் வாயால சொன்னதை எல்லாம் ஆதாரம்னு போடமுடியாதும்மா" என்று ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, மூன்று நாள் எழுத்தையும் எலும்பக்காவின் பேரையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

ஆறு மாதம் கழித்துப் புத்தகம் தபாலில் வந்தது. கூடவே மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம். மகள்தான் பக்கத்தைத் தேடிப் படித்தாள்.

"பதினோரு சாக்கு எலும்புகள். பொறுப்பாளர், துறைத்தலைவர். விவரம் அறிந்தவர், எவருமில்லை."

"இன்னொரு தடவை படி."

மகள் படித்தாள்.

"எவருமில்லையாம்" என்றாள் எலும்பக்கா. "அப்ப, இருபத்தாறு வருஷம் உனக்கு நாறினது யாருடி?"