இளங்கொடி கட்ட ஒரு மரம்

ஜெயக்கொடிக்கு என்று மிஞ்சியது ஒரு செவலைப் பசுதான். கீழ்க்கட்டளையில் இருந்த நிலத்தையெல்லாம் அவள் புருஷன் துளசிங்கம் பிளாட் போடுகிறவர்களுக்கு விற்றுத் தீர்த்திருந்தான். போன ஈற்றில் செவலைக்குப் பால் சீக்கிரமே வற்றிப்போனது. கன்றுக்குப் பின்னால் விழுந்த இளங்கொடியை நாய் இழுத்துக்கொண்டு போனதுதான் காரணம் என்று அவள் அடித்துச் சொல்வாள். இந்தத் தடவையும் பால் இல்லையென்றால் அடிமாட்டுக்கு ஓட்டிவிடுவேன் என்றான் துளசிங்கம். சொன்னதைச் செய்கிறவன்தான், நல்லதைத் தவிர.

கத்திரி வெயில் காலம். விடிகாலையில் செவலை கிடாரிக் கன்று போட்டது. கொடியும் சுத்தமாக விழுந்தது. ஜெயக்கொடி அதை வைக்கோலில் சுற்றிக் கோணியில் கட்டினாள். ஆலோ அத்தியோ, பால் வடிகிற மரத்தில் உயரக் கட்டவேண்டும். கட்டும்வரை மடியில் கை வைக்கக் கூடாது, கன்றையும் ஊட்டவிடக் கூடாது. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டு வழக்கம் அது. கன்றை எட்டக் கட்டிவிட்டுக் கிளம்பினாள்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, கன்னுக்கு வாய் காயுது. ரெண்டு வாய் ஊட்டவுட்டுட்டுப் போயேன்" என்றாள்.

"கொடி மரம் ஏறாம மடியத் தொட்டா, போன தபா மாரி பூடும்டி. இதோ, ஏரிக்கரை வரைக்கும்தான். நீ அவுத்து வுட்டுடாத."

ஏரிக்கரையில் ஆலமரம் நின்ற இடத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. அத்திமரம் யாரோ ஒருவர் காம்பவுண்டுக்குள் போயிருந்தது. கெஞ்சிப் பார்த்தாள். நாற்றம் என்று கேட்டைச் சாத்திவிட்டார்கள். பஸ்ஸிலும் ஏற்றவில்லை. பல்லாவரம் தாண்டி நடந்தாள். வழியெல்லாம் வேப்பமரம், அதில் ஏது பால்? கோணியைப் பார்த்துக் காக்கைகள் கூடவே வந்தன. திரும்பிவிடலாமா என்று நினைக்கும்படி கன்றின் முகம் கண்ணில் வந்து நின்றது. ஆனால் கொடியை எங்கே போடுவது? போட்டால் காக்கைக்கு, பிறகு மாடு அடிமாட்டுக்கு. நடுரோட்டில் அழுதுகொண்டே நடந்தாள்.

திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு ஆலமரம் கிடைத்தது. கயிற்றை வீசி, உயரத்தில் இறுக்கிக் கட்டினாள். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

வீட்டில், காலையில் நிழல் இருந்த இடத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கன்று கழுத்தை நீட்டிப் படுத்துவிட்டது. கன்னியம்மா ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ அவுக்காதன்னு சொன்னியேக்கா" என்றாள்.

ஜெயக்கொடி கன்றை வாரித் தூக்கிப்போய்க் காம்பை அதன் வாயில் வைத்துப் பீய்ச்சினாள். பால் கடைவாய் வழியே வெளியே வந்துவிட்டது. மறுபடி பீய்ச்சினாள். கன்று விழுங்கவில்லை.

செவலை குனிந்து கன்றை நக்கியது. அதன் நாலு காம்பிலும் பால் தானாகவே வடிந்து மண்ணை நனைத்தது. இந்தத் தடவை பாலுக்குக் குறைவே இல்லை.