தாயில்பட்டியில் வைத்த பரீட்சை

ஏழு மாதமாக எனக்கு வேலை இல்லை. என் மனைவி எஸ்தருக்குச் சயரோகம். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள், இருமல் முற்றி, வேலையை விட்டுவிட்டுப் படுக்கையில் விழுந்துவிட்டாள். அறுபதுகளின் தொடக்கம் அது. சாத்தூரில் வாடகைக்கு ஓர் அறையில் இருந்தோம். ஒரு வேளைக்குக் காய்ச்சிய கஞ்சியை இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்வோம். அவள் குடித்த பிறகு மிச்சம் இருந்தால் நான் குடிப்பேன்.

என் பெயர் ஞானமுத்து. பட்டாசு ஆபீஸில், எங்கள் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம், பதினோரு வருஷம் வெடிமருந்து கலக்கியவன். எந்த மருந்தோடு எது சேரலாம், எது சேர்ந்தால் ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்தும் ஒரு நாள் பொறி பட்டு என் வலது கையில் மூன்று விரல்கள் வெந்து, மடங்கியபடியே ஒட்டிக்கொண்டன. இடது கையால் எல்லாம் செய்யப் பழகிவிட்டேன். ஆனால் நான் இருந்த கம்பெனி மூடிய பிறகு, எங்கே போய் நின்றாலும் என் முகத்தைப் பார்க்கும் முன்பே கையைத்தான் பார்த்தார்கள். "சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

தினமும் விடியற்காலையில் எஸ்தரின் கட்டில் பக்கம் முழங்கால் போடுவேன். ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, என் கையைப் பார்க்காமல் என் வேலையைப் பார்க்கிற ஓர் ஆளை எனக்குக் காட்டும்." சில நாள் அழுதேன். சில நாள் கோபத்தில் ஜெபிக்காமலே எழுந்து போனேன். அதையும் மறைக்கக் கூடாது.

பங்குனி மாதம் வேலுச்சாமி வந்தான். பழைய கம்பெனியில் என்னோடு மருந்து கலக்கியவன். என்னைவிட எட்டு வயது சின்னவன். அவனுக்கும் வேலை போயிருந்தது.

"அண்ணே, தாயில்பட்டிப் பக்கம் புதுசா ஒரு ஆபீஸ். ஃபோர்மேன் வேணுமாம். சர்டிபிகேட்டு, சிபாரிசு ஒண்ணும் வேண்டாமாம். மருந்தைக் கையில கொடுத்து கலக்கிக் காட்டச் சொல்லுவாகளாம். உங்களுக்குன்னே வச்ச மாதிரில்லா இருக்கு! நானும் வாரேன். யாருக்குக் கிடைச்சாலும் சந்தோசந்தான்."

என் ஜெபம் கேட்கப்பட்டது என்று எஸ்தரிடம் சொன்னேன். அவளும் எழுந்து உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை போனோம். நாங்கள் இரண்டு பேர்தான் வந்திருந்தோம். உச்சி வெயில். தகரக் கூரை போட்ட ஒரு ரூம். உள்ளே கால் வைத்தாலே அனல் அடித்தது. மேனேஜர் கையில் கடிகாரம் வைத்திருந்தார்.

"அரை மணி நேரம். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கலக்கணும். யார் சீக்கிரம் முடிக்கீகளோ அவுகதான் ஃபோர்மேன்" என்றார்.

முதலில் என்னைக் கூப்பிட்டார். நான் சல்லடையை எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் மஞ்சள். கந்தகம் சலித்துவிட்டுக் கழுவாமல் வைத்த சல்லடை. அதில் குளோரேட்டைச் சலிக்கச் சொல்கிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் தீ வேண்டாம், உரசலே போதும்.

"ஐயா, இது கழுவாத சல்லடை. கூரையும் கொதிக்கி. இப்ப கலக்கக் கூடாது. வேற சல்லடை கொடுங்க, சாயங்காலமா கலக்கிக் காட்டுதேன்."

"பேசிக் காட்டவா உம்மைக் கூப்பிட்டோம்? பயமாருந்தா வெளிய போரும். கை வேற இந்த லட்சணத்துல இருக்கு."

அந்த நிமிஷத்தை நான் என்னவென்று சொல்ல? ஏழு மாதம் கேட்டுக்கேட்டுக் கிடைத்த வாசல். உள்ளே போகாமல் திரும்பினால் எஸ்தரிடம் என்ன சொல்வேன்? மனசுக்குள் "இயேசுவே" என்று ஒரு வார்த்தைதான் வந்தது. எனக்குச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தரிசனம் ஒன்றும் இல்லை. கை மட்டும் அந்தச் சல்லடையைக் கீழே வைத்துவிட்டது. வெளியே வந்தேன்.

"வேலு, வேண்டாம்ப்பா. சல்லடை சரியில்ல. வா, போயிருவோம்" என்றேன்.

"ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் எங்கண்ணே போவேன்? பைய பாத்துச் சலிக்கேன். நீங்க அங்கன நிழல்ல நில்லுங்க."

நான் நிழலுக்குப் போனேன். ஒரு தடவை சொன்னேன், அவன் கேட்கவில்லை, போய்விட்டேன். பத்து நிமிஷம் இருக்கும். வெடித்தது. தகரம் பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. மேனேஜர் வாசலுக்கு வெளியே நின்றிருந்ததால் தப்பித்தார். புகைக்குள் போய் வேலுவை இழுத்து வந்தவன் நான். அவன் தோல் என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். அவன் மனைவி லட்சுமி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் கண் திறந்தான்.

"அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சதுலா?"

"தெரிஞ்சதுப்பா."

"கையப் புடிச்சு இழுத்திருக்கலாம்லா."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டான், அவ்வளவுதான். அன்றைக்கு மத்தியானம் இறந்துபோனான்.

அதற்குப் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஊரில் விசுவாசிகள் வந்து, "கர்த்தர் உங்களைக் காப்பாத்திட்டாரு" என்றார்கள். எனக்கு அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது.

விசாரணைக்குச் சர்க்கார் அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் அந்த மேனேஜர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "அவன் பீடி குடிச்சான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஃபோர்மேன் வேலை உங்களுக்குத்தான். கையப் பத்தி முதலாளி இனிப் பேசமாட்டாக."

நான் ஏழு மாதம் கேட்ட வேலை என் வீட்டு வாசலில் நின்றது. உடனே மறுத்தேன் என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. நான் மூலையில் காலியாகக் கிடந்த அரிசிப் பானையைப் பார்த்தேன். எஸ்தர்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா, வேலு பீடியத் தொட்டதே கிடையாது. இந்த வீட்டுல அரிசி இல்ல, வாஸ்தவந்தான். செத்தவன் மேல பழியப் போட்டு வாங்குத சோறு எனக்குத் தொண்டையில இறங்காது. போயிட்டு வாங்க."

அவர் போன பிறகு நாங்கள் இருவரும் முழங்கால் போட்டோம். வேலை கேட்கவில்லை. அதிகாரி முன்னால் நாக்கு புரளாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டோம். அதைக் கர்த்தர் கொடுத்தார். சல்லடை, வெயில், கடிகாரம், எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒரு தடவைதான் எச்சரித்தேன் என்பதையும் சொன்னேன். அந்த ஆபீஸை மூடினார்கள். லட்சுமிக்கு நஷ்டஈடு கிடைத்தது.

அடுத்த மாதம் அச்சங்குளத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு விவசாயக் குடும்பம் புதிதாகப் பட்டாசு ஆபீஸ் தொடங்கியிருந்தது. முதலாளி பெரிய மீசைக்காரர்.

"விசாரணையில சல்லடையப் பத்திச் சொன்னது நீங்கதானா? சரி, உள்ள போயிப் பாருங்க. எதையும் தொட வேண்டாம். என்னென்ன தப்பு இருக்கோ அம்புட்டையும் வந்து சொல்லுங்க."

அதுவும் பரீட்சைதான். மெதுவாகச் சுற்றி வந்தேன். உரசினால் பொறி தட்டும் இரும்பு ஆணி போட்ட செருப்போடு ஒருவர் மருந்து ரூமில் நடந்தார். தண்ணீர் வாளி காலியாக இருந்தது. ஒரே சின்ன ரூமில் ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லச்சொல்ல அவர் முகம் மாறியது. இரண்டு ரூமை அப்போதே பூட்டச் சொன்னார். "நாளையிலருந்து வாங்க" என்றார். என் வலது கையை அவர் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

எஸ்தர் ஊசி மருந்தில் தேறினாள். மறு வருஷம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போனாள். கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

இப்போது ஆள் எடுப்பது என் பொறுப்பு. வேலைக்குப் பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வாய்ப்பேச்சை நம்பி ஒருவனிடம் மருந்தைக் கொடுத்தால் பத்துப் பேர் சாவார்கள். ஆனால் வந்தவன் உயிரை வைத்துப் பரீட்சை நடத்தக் கூடாது. மருந்துக்குப் பதிலாக நான் கோதுமை மாவும் உப்பும் செங்கல் பொடியும்தான் கொடுப்பேன். அழுக்குச் சல்லடையை வேண்டுமென்றே வைப்பேன். கடிகாரம் பார்க்கமாட்டேன். "இதைக் கழுவணுமே" என்று எவன் கேட்கிறானோ அவனுக்கு வேலை.

போன கிறிஸ்துமஸுக்கு லட்சுமி வீட்டுக்குப் போயிருந்தோம். அவள் கேட்டாள்: "உங்க சாமி உங்க கையத் தடுத்துச்சே, எங்க வீட்டுக்காரரு கையையும் தடுத்திருக்கலாம்லண்ணே?" ஒருவேளை வேலுவைத் தடுக்கத்தான் அவர் என்னை அங்கே நிறுத்தினாரோ என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கேட்கிறவர்களே, வேலையில்லாமல், வியாதியில் இருக்கிறவர்களே, ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். நானே அதற்குச் சாட்சி. ஆனால் அவர் உங்களுக்கு ஓர் ஆபத்தைக் காட்டிவிட்டால், பக்கத்தில் நிற்கிறவரிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விடாதீர்கள். கையைப் பிடித்து இழுங்கள்.